இரண்டாவது கையெழுத்து

கேள்வி: பந்தலூர் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறேன். பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்திருக்கிறேன். எங்கள் லைனில் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில்) ஐந்தாறு பெண்கள் சேர்ந்து, அடுத்த ஊராட்சித் தேர்தலில் நிற்கலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். பக்கத்துக் காலனியில் இருக்கும் பனியர் பழங்குடித் தோழி ஒருத்தியும் சேர்ந்துகொள்கிறேன் என்கிறாள். வீட்டிலோ, "பேர் உங்களுடையதாக இருக்கும், நாற்காலி வேறு யாருடையதாகவோ இருக்கும்" என்கிறார்கள். என்னைத் தலைவர் பதவிக்கு நிற்கச் சொல்கிறார்கள் தோழிகள். நின்றால் உண்மையிலேயே ஏதாவது மாறுமா?

பதில்:

நில்லுங்கள். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். தலைவர் பதவிக்கு நிற்பதா என்பதைப் பிறகு பேசலாம். என் எண்ணம் உங்கள் தோழிகளின் எண்ணத்திலிருந்து கொஞ்சம் வேறானது.

உங்கள் வீட்டார் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. நான் இந்த மலையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளி ஆசிரியராக இருந்தவன். வாக்குச்சாவடி அலுவலராகப் பல தேர்தல்களில் உட்கார்ந்திருக்கிறேன். ஓய்வுபெற்ற பிறகு கிராம சபைகளுக்குப் போவதையே வேலையாக வைத்துக்கொண்டேன். ஒரு ஊராட்சியில் பழங்குடிப் பெண் உறுப்பினர் ஒருவரைப் பார்த்தேன். மன்றக் கூட்டம் நடக்கும் தகவலே அவருக்கு வராது. கூட்டம் முடிந்து இரண்டு நாள் கழித்து ஓர் ஆள் வருகைப் பதிவேட்டையும் தீர்மானப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு அவர் குடிசைக்கு வருவார், கையெழுத்து வாங்கிக்கொண்டு போவார். ஐந்து ஆண்டுகளில் எத்தனை தீர்மானங்களுக்குத் தாம் ஒப்புக்கொண்டோம் என்பது அந்த அம்மாவுக்குத் தெரியாது. அவரை நான் ஒருபோதும் குறை சொல்லமாட்டேன். வேட்புமனு அன்று அவரோடு போனவர்கள் இருபது பேர். வென்ற மறுநாளிலிருந்து அவரோடு இருந்தவர் ஒருவர்கூட இல்லை. எனக்கு உறுத்துவது இதுதான்.

ஆகவே, யார் நிற்பது என்ற கேள்வியோடு, வென்றவருக்குப் பின்னால் யார் நிற்பது என்ற கேள்வியையும் இப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

சட்டம் உங்களுக்கு எவ்வளவு இடம் தந்திருக்கிறது என்று பாருங்கள். ஊராட்சிகளுக்கும் அவற்றில் ஒதுக்கீட்டுக்கும் வழிசெய்த அரசியலமைப்பின் 73ஆவது திருத்தம் 1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்தது. அதைத் தொடர்ந்து 1994இல் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் வந்தது. பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்காக இருந்த ஒதுக்கீடு 2016இல் பாதியாக உயர்ந்தது. 2011 கணக்கெடுப்பின்படி நீலகிரியில் 1,000 ஆண்களுக்கு 1,042 பெண்கள். தமிழ்நாட்டிலேயே அதிகம். இங்கே பாதி இடம் பெண்களுக்குக் கிடைப்பதை யாரும் சலுகை என்று சொல்ல முடியாது. 21 வயது நிறைந்திருந்து, ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் போதும். படிப்புத் தகுதி கிடையாது. சில மாநிலங்களில் இருக்கும் இரண்டு குழந்தை விதி இங்கே இல்லை. பெண்களுக்கென்று ஒதுக்காத பொது வார்டிலும் பெண் நிற்கலாம், பழங்குடியினரும் நிற்கலாம். "உன் வார்டு பொதுவாகிவிட்டது, இனி நீ நிற்க முடியாது" என்று சொல்லி ஆட்களை ஒதுக்கிவைப்பதைப் பார்த்திருக்கிறேன். அது பொய்.

உங்கள் பனியர் தோழி நிற்பது இன்னும் பெரிய விஷயம். தமிழ்நாட்டில் மத்திய அரசு மிகவும் நலிவுற்றவை என்று பட்டியலிட்ட பழங்குடிகள் ஆறு: தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பனியர், காட்டுநாயக்கர். இந்த ஆறு பேரும் சேர்ந்து வாழும் மாவட்டம் நம்முடையது. ஆனால் சட்டமன்றத்தின் 234 தொகுதிகளில் பழங்குடியினருக்கு ஒதுக்கியவை இரண்டே. ஏற்காடும் சேந்தமங்கலமும். உதகமண்டலம், குன்னூர், கூடலூர் மூன்றில் ஒன்றுகூட இல்லை. கூடலூர் பட்டியல் சாதியினருக்கான தனித் தொகுதி, நீலகிரி மக்களவைத் தொகுதியும் அப்படியே. அதனால் ஒரு பனியரோ காட்டுநாயக்கரோ ஒதுக்கீட்டின் துணையோடு மக்கள் பிரதிநிதியாக உட்காரக்கூடிய அவை என்று இந்த மலையில் இருப்பது உள்ளாட்சி மட்டும்தான். அந்த ஒரு வாசலும் சும்மா திறந்து கிடந்து மூடுவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடிவதில்லை.

இனி தலைவர் பதவி பற்றி. எல்லோர் கண்ணும் அந்த நாற்காலியில்தான் இருக்கிறது. ஊராட்சித் தலைவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆகவே மொத்த ஊராட்சிக்கும் வாக்குக் கேட்டுப் போக வேண்டும். கூடலூர் ஒன்றியத்தில் சேரங்கோடு, நெலாக்கோட்டை போன்ற ஊராட்சிகள் எவ்வளவு பரந்தவை என்று உங்களுக்கே தெரியும். ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு ஜீப் வைத்துக்கொண்டு சுற்றுபவருக்குத்தான் அது கட்டுப்படியாகும். வார்டு அப்படியல்ல. சில நூறு வாக்குகள். நாலு லைன், இரண்டு காலனி, ஒரு கடைத்தெரு. காலை வேலைக்குப் போகும்போதும் மாலை எடை போட நிற்கும்போதும் பார்க்கிற முகங்கள். கொடியோ ஜீப்போ இல்லாமல் ஒரு கொழுந்து பறிக்கும் பெண் வெல்லக்கூடிய தேர்தல் இது ஒன்றுதான். கட்சிச் சின்னமும் கிடையாது. ஒன்றியத்துக்கும் மாவட்டத்துக்கும்தான் கட்சி அடிப்படையில் தேர்தல். 2019 டிசம்பரில் ஒவ்வொரு வாக்காளர் கையிலும் நான்கு சீட்டுகளைக் கொடுத்தோம். வார்டுக்கு வெள்ளை, தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியத்துக்குப் பச்சை, மாவட்டத்துக்கு மஞ்சள். வெளியே நின்ற கட்சிக்காரர்கள் பேசியதெல்லாம் பச்சையையும் மஞ்சளையும் பற்றித்தான். வெள்ளைச் சீட்டை யாரும் பொருட்படுத்தவில்லை. அங்கேதான் உங்களுக்கு வழி இருக்கிறது.

"வார்டு உறுப்பினருக்கு என்ன அதிகாரம் இருக்கிறது?" என்று கேட்பார்கள். பலருக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். ஊராட்சியின் காசோலையில் தலைவர் மட்டும் கையெழுத்திட்டால் பணம் வராது. துணைத் தலைவரும் கையெழுத்திட வேண்டும். அந்தத் துணைத் தலைவரைத் தேர்ந்தெடுப்பவர்கள் வார்டு உறுப்பினர்கள், தங்களுக்குள்ளிருந்தே. தலைவர் பதவிக்கு ஒதுக்கீடு உண்டு, துணைத் தலைவர் பதவிக்கு இல்லை. தலைவர் இடம் பெண்ணுக்கோ பட்டியல் சாதிக்கோ பழங்குடிக்கோ போய்விட்டால், ஊரின் பழைய செல்வாக்கெல்லாம் அந்தத் துணைத் தலைவர் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்வது தமிழ்நாடு முழுக்க நடக்கிற கதை. அவர்கள் சொன்னபடி தலைவர் கேட்கும்வரை துணைத் தலைவரின் கையெழுத்து விழும். ஒருமுறை மறுத்துப் பேசினால் குடிநீர்க் குழாய்க்கான பில்லே மாதக்கணக்கில் நிற்கும். மோட்டார் பழுதாகும், தெருவிளக்கு எரியாது, "அந்தப் பெண்ணுக்கு நிர்வாகம் தெரியவில்லை" என்று ஊர் பேசும். அவருக்கு நிர்வாகம் தெரிந்துதான் இருந்திருக்கும். இரண்டாவது கையெழுத்து அவர் கையில் இல்லை, அவ்வளவுதான்.

ஓர் ஊராட்சியில் வார்டுகள் ஆறிலிருந்து பதினைந்து வரை இருக்கும். ஒன்பது வார்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கூட்டத்தில் ஐந்து பேர் ஆளுக்கொரு வார்டில் நின்று மூன்று பேர் வென்றாலே, மற்ற உறுப்பினர்கள் பிரிந்து நின்றால், துணைத் தலைவர் தேர்தலில் உங்களைக் கேட்காமல் முடிவெடுப்பது கடினம். நான்கு பேர் வென்றால் அந்த இடமே உங்களில் ஒருவருக்கு வரலாம். ஒரே ஆளைத் தலைவருக்கு நிறுத்தி எல்லோரும் அவருக்காக ஓடுவதைவிட, ஐந்து பேர் ஐந்து வார்டில் நிற்பது நல்லது என்று நான் சொல்வது இதனால்தான். ஓடுகிற அலைச்சல் ஒன்றுதான், பலன் வேறு. அடுத்த முறை உங்களில் ஒருவர் தலைவருக்கு நிற்கட்டும். அதற்குள் ஊராட்சிக் கணக்கை ஐந்து ஆண்டு படித்திருப்பார்.

ஆனால் இதற்கெல்லாம் தேர்தல் வர வேண்டும் அல்லவா? இங்கே என் ஆற்றாமையைச் சொல்லியே ஆக வேண்டும். 2016இல் நடக்க வேண்டிய ஊராட்சித் தேர்தல் நின்றுபோய், மூன்று ஆண்டுகளுக்கும் மேல் அரசு நியமித்த தனி அலுவலர்கள் ஊராட்சிகளைப் பார்த்துக்கொண்டார்கள். 2019 டிசம்பரில் வாக்களித்து, 2020 ஜனவரியில் பதவியேற்றவர்களின் காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிந்தது. மறுபடியும் தனி அலுவலர்கள். பதவிக்காலம் முடிவதற்குள் அடுத்த தேர்தல் முடிந்திருக்க வேண்டும் என்று அரசியலமைப்பு தெளிவாகச் சொல்கிறது. காரணங்கள் ஒவ்வொரு முறையும் கிடைக்கின்றன. ஒரு அலுவலர் பல ஊராட்சிகளைப் பார்க்கும்போது, லைன் வீட்டுப் பின்புறம் சாக்கடை அடைத்திருப்பதை அவரிடம் சொல்ல யாருக்குத் துணிவு வரும்?

தேர்தல் இல்லாத நாளிலும் கிராம சபை இருக்கிறது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கோடு, 2022இல் மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய இரண்டும் சேர்ந்து ஆண்டுக்கு ஆறு. உங்கள் தேர்தல் வேலை அங்கேதான் தொடங்குகிறது. வேட்புமனு நாளில் திடீரென்று முளைத்த முகத்துக்கு யாரும் வாக்களிக்கமாட்டார்கள். ஆறு கிராம சபைகளில் எழுந்து நின்று தண்ணீரைப் பற்றிக் கேட்ட முகத்தை ஊர் மறக்காது.

கிராம சபை நாட்காட்டியை எழுதியவர்கள் சமவெளியில் இருந்து எழுதியிருக்கிறார்கள் என்று எனக்கு எப்போதும் தோன்றும். ஆகஸ்ட் 15 அன்று உங்கள் பந்தலூரில் தென்மேற்குப் பருவமழை எப்படிக் கொட்டுகிறது? ஜனவரி 26 அன்று உதகைப் பக்கத்து ஹட்டிகளில் (படகர் ஊர்களில்) காலை உறைபனியில் கேரட் வயல் வெள்ளையாகக் கிடக்கும், மே 1 சுற்றுலா உச்சம், பஸ்ஸில் இடம் கிடைக்காது. நவம்பர் 1 வடகிழக்குப் பருவமழை, கோத்தகிரி, குன்னூர்ப் பாதைகளில் மண் சரியும் காலம். அதோடு மார்ச் 22உம் நவம்பர் 1உம் தோட்டத்துக்கு விடுமுறை நாட்கள் அல்ல. கூட்டத்துக்கு வந்தால் அன்றைய கூலி போகும். பழனி மலையில் வெள்ளகவி என்னும் ஊர்க்காரர்களுக்கு நெடுங்காலம் சாலையே இருந்ததில்லை. எங்கே போவதென்றாலும் நடந்தே போனார்கள். இந்த மலைகளில் ஒருவர் கிராம சபைக்கு வரவில்லை என்றால் அவருக்கு அக்கறை இல்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

மக்கள்தொகை 10,000-க்கு மேல் உள்ள ஊராட்சியில் கிராம சபைக்குக் குறைந்தது 300 பேர் வர வேண்டும். யானை நடமாடும் பாதையில் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு நான்கு கிலோமீட்டர் நடந்து 300 பேர் வருவது எளிதா? ஆகவே நாங்கள் ஒரு வழியைப் பழக்கினோம். கிராம சபைக்கு ஒரு வாரம் முன்னால், ஒவ்வொரு லைனிலும் காலனியிலும், வேலை முடிந்து வந்த பிறகு, இருட்டுவதற்குள் அரை மணி நேரம் கூடுவோம். என்ன வேண்டும் என்று பேசி, இரண்டே கோரிக்கைகளை எழுதி, எல்லோரும் கையெழுத்திட்டு அல்லது கைநாட்டு வைத்து, மூன்று பேரிடம் கொடுத்தனுப்புவோம். இரண்டுக்கு மேல் எழுதவிடமாட்டேன். பத்து எழுதினால் ஒன்றும் நடக்காது. அந்த மூன்று பேர் கூட்டத்தில் அதைப் படித்து, தங்கள் கண் முன்னே தீர்மானப் புத்தகத்தில் ஏறும்வரை அங்கேயே இருப்பார்கள். "பிறகு எழுதிக்கொள்கிறோம்" என்றால் எழுந்து போகமாட்டார்கள். பனியர் காலனியில் கூடும்போது அவர்கள் மொழியிலேயே பேசவிடுங்கள். உங்கள் தோழி தமிழில் எழுதிக்கொள்ளட்டும். தமிழில் பேசச் சொன்னால் அவர்களில் பாதிப்பேர் வாய் திறக்கமாட்டார்கள். எங்கள் வகுப்பறையில் இதை நான் தாமதமாகத்தான் புரிந்துகொண்டேன்.

என்ன கேட்பது? கணக்கைக் கேளுங்கள். 2021 முதல் 2026 வரைக்கான 15ஆவது நிதிக்குழு மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்று கட்டுப்படுத்தப்பட்டது. அந்தப் பணத்தில் உங்கள் லைனுக்கு என்ன வந்தது, காலனிக்கு என்ன வந்தது என்று ஒரே கேள்வி கேட்டால் போதும், கூட்டத்தின் முகமே மாறும். தோட்டத்துக்குள் இருக்கும் வீடுகளுக்கு, "அது கம்பெனி இடம், ஊராட்சி தலையிட முடியாது" என்று பதில் வரும். அங்கே வாழ்பவர்கள் இந்த ஊராட்சியின் வாக்காளர்கள், அவர்களையும் சேர்த்த மக்கள்தொகையை வைத்துத்தான் மானியமும் வருகிறது என்று திருப்பிச் சொல்லுங்கள். எந்த வேலையை ஊராட்சி செய்யலாம், எதைத் தோட்ட நிர்வாகம் செய்ய வேண்டும் என்று எழுத்தில் பதில் கேளுங்கள்.

அதே நேரத்தில் செய்ய முடியாததை வாக்குறுதியாகக் கொடுக்காதீர்கள். தண்ணீர், விளக்கு, நடைபாதை, சாக்கடை, சுடுகாடு இவை ஊராட்சியின் வேலை. பட்டா அதன் கையில் இல்லை. ஜென்மிகள் என்னும் பழைய நிலக்கிழார்களின் உரிமையை ஒழிக்க, கூடலூர் ஜென்ம நில ஒழிப்புச் சட்டம் 1969இல் வந்தது. தோட்டக் குத்தகை பற்றிய அதன் 17ஆவது பிரிவுக்குள் வரும் நிலங்களின் சிக்கலில் தலைமுறைகள் தவிக்கின்றன. அதை ஒரு வார்டு உறுப்பினர் தீர்க்க முடியாது. உதகைக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வண்டிகளுக்கு 2024 மே 7 முதல் வந்த இ-பாஸ் முறையும் உயர் நீதிமன்றத்தின் உத்தரவு, எந்த ஊராட்சியின் தீர்மானமும் அல்ல. ஆனால் வன உரிமைச் சட்டம் வேறு. 2006இல் வந்த அந்தச் சட்டத்தில் உரிமைக் கோரிக்கைகளைப் பெற்று முடிவு செய்யத் தொடங்கும் இடமே கிராம சபைதான். அதன் விதிகளின்படி உறுப்பினர்களில் பாதிப்பேர் வர வேண்டும், வருபவர்களில் மூன்றில் ஒரு பங்காவது பெண்களாக இருக்க வேண்டும். பழங்குடிக் குடியிருப்புகளில் இதைத் தெரிந்த ஒரு பெண் வார்டு உறுப்பினர் இருந்தால் எவ்வளவோ செய்யலாம்.

பக்கத்தில் ஓவேலி, தேவர்சோலை போன்ற இடங்களில் உங்கள் சொந்தக்காரர்கள் இருப்பார்கள். அவர்களும் இதைப் படித்தால் ஒன்று சொல்ல வேண்டும். வாழ்க்கை நம்மைப் போன்றதுதான், தேயிலையும் யானையும்தான், ஆனால் ஏட்டில் அவை பேரூராட்சிகள். ஆகவே கிராம சபை கிடையாது. நீலகிரியில் கிராம ஊராட்சிகள் 35 மட்டுமே. மீதிப் பெருங்கூட்டம் பேரூராட்சிகளிலும் நகராட்சிகளிலும் இருக்கிறது. அவர்களுக்குப் பகுதி சபாவும் வார்டு குழுவும் சட்டத்தில் இருக்கின்றன. கவுன்சிலரிடம் அதைக் கூட்டச் சொல்லிக் கேட்க வேண்டும். கேட்காத இடத்தில் அது கூடுவதில்லை.

மாற்றுத்திறனாளிகளுக்கு உள்ளாட்சி அமைப்புகளில் நியமன இடம் தரும் சட்டத்திருத்தங்களைச் சட்டமன்றம் 2025 ஏப்ரலில் நிறைவேற்றியது. உங்கள் லைனில் அப்படி யாராவது இருந்தால் இந்தச் செய்தி அவர் காதுக்குப் போகட்டும்.

இனி கையில் எடுக்க வேண்டிய வேலை. வாக்காளர் பட்டியலை வாங்கிப் பாருங்கள். தோட்டம் மாறி வந்தவர்கள், கல்யாணமாகி வந்த மருமகள்கள், காலனியில் பதினெட்டு நிறைந்தவர்கள், இவர்கள் பெயர்தான் எப்போதும் விடுபடும். புதிய பெயருக்குப் படிவம் 6, இடம் மாறியவர்களுக்குப் படிவம் 8. ஊராட்சிக்கு வரிப் பாக்கி இருந்தால் கட்டி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். முன்மொழிபவர் நீங்கள் நிற்கும் அந்த வார்டின் வாக்காளராகவே இருக்க வேண்டும். வைப்புத் தொகை 2019இல் வார்டு உறுப்பினருக்கு 200 ரூபாய், பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 100 ரூபாய். தடுப்பது பணம் என்று யாராவது சொன்னால் இந்தத் தொகையைச் சொல்லுங்கள். வென்ற பிறகு கூட்ட அழைப்பை எழுத்தில் கேளுங்கள், படிக்காமல் கையெழுத்திடாதீர்கள், துணைத் தலைவரானால் மின்னணுக் கையெழுத்துக்கான டோக்கனை எழுத்தரிடமோ ஒப்பந்தக்காரரிடமோ கொடுத்துவைக்காதீர்கள். வெல்லாத இரண்டு பேரும் மாதம் ஒருமுறை வென்ற மூன்று பேரோடு உட்கார வேண்டும். இதை வேட்புமனுவுக்கு முன்பே பேசி முடித்துவிடுங்கள்.

ஒதுக்கீட்டு வார்டில் நிற்க சாதிச் சான்று வேண்டும். பழங்குடியினருக்கு அதைத் தருபவர் வட்டாட்சியர் அல்ல, கோட்டாட்சியர். உங்களுக்குக் கூடலூர் அலுவலகம். விசாரணை, அறிக்கை என்று நாள் பிடிக்கும். அறிவிப்பு வந்த பிறகு ஓடினால் கிடைக்காது. இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பங்களிலும் சான்று இல்லாதவர்கள் உண்டு, உங்கள் ஐந்து பேரில் யாராவது அப்படியா என்று பாருங்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை தோழியின் பெற்றோரிடம் உள்ள பழைய ரேஷன் அட்டை, அண்ணன் தம்பிகளின் பள்ளிச் சான்று எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். திங்கட்கிழமை அவளோடு நீங்களும் இ-சேவை மையத்துக்குப் போய் மனுவைப் பதிவு செய்துவிட்டு, ஒப்புகைச் சீட்டில் உள்ள எண்ணை இருவரும் தனித்தனியாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.